துறைமுகம் இல்லாத கரையில் சரக்கை இறக்குவது எப்படி? இராணுவத் தரையிறங்கு கலங்கள்: முழுமையான வழிகாட்டி

தரையிறங்கு கலம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 1944 ஜூன் 6, நார்மண்டி. முன்கதவு விழுகிறது, வீரர்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஓடுகிறார்கள். அந்த வேலை ஓரிரு நாளில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அதே மணலில் ரொட்டி, டீசல், பீரங்கிக் குண்டு, குடிநீர், மருந்து, பாலம் போடும் இரும்பு என்று நாள் தவறாமல் இறங்கியாக வேண்டும். படம் எடுக்க யாரும் வராத அந்த இரண்டாவது வேலையைப் பற்றித்தான் இந்த வழிகாட்டி.

எடுத்துக்காட்டுக்கு அமெரிக்கத் தரைப்படையை வைத்துக்கொள்கிறேன். தரைப்படையே சொந்தமாகக் கலங்களை வைத்து, தன் சிப்பாய்களையே மாலுமிகளாக்கி ஓட்டும் வழக்கம் அங்கே இன்றும் இருக்கிறது. வர்ஜீனியாவின் ஃபோர்ட் யூஸ்டிஸ் இவர்களுக்குத் தாய்வீடு. 7ஆவது போக்குவரத்துப் பிரிகேடு அங்கிருந்து இயங்குகிறது. இந்தியாவில் இந்தக் கலங்கள் கடற்படையின் கையில் இருக்கின்றன. கொல்கத்தாவின் கார்டன் ரீச் தளத்தில் கட்டிய, 63 மீட்டர் நீளமுள்ள எட்டு எல்சியு வகைத் தரையிறங்கு கலங்கள் போர்ட் பிளேரை (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) மையமாகக் கொண்டு அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு இடையே ஓடுகின்றன. கொடி எதுவானாலும் கீழே சொல்லும் படிகள் பெரிதாக மாறாது.

கடல்சார் படிப்பு படிப்பவர்கள், போர் வரலாறு வாசிப்பவர்கள், செய்தியில் ‘மிதக்கும் துறை’ என்று படித்துவிட்டு அது என்ன என்று தேடுபவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். படிக்கும்போது ஒரு விஷயத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்: ஒரு நாளில் எத்தனை டன் கரையேறும் என்பதில் கலத்தின் அளவைவிடக் கரைக்குத்தான் அதிகப் பங்கு.

கலங்கள் மூன்று

சிறியது எல்சிஎம்-8. சிப்பாய்கள் வாயில் ‘மைக் போட்’. 1959இல் வந்தது, நீளம் 22 மீட்டருக்குச் சற்று அதிகம், சுமை சுமார் 54 டன். சுமையோடு 9 நாட் (மணிக்கு 9 கடல் மைல்), காலியாக 12 நாட் வேகம். அந்தக் காலத்து டாங்கி ஒன்றைச் சுமந்தது. இன்றைய ஆப்ராம்ஸ் டாங்கி இதன் வரம்பைத் தாண்டிய கனம். அதனால்தான் இதன் இடத்துக்கு 36 மீட்டர் நீளத்தில், சுமார் 74 டன் சுமக்கும் புதிய வகை ஒன்றைக் கட்டுகிறார்கள். அதன் முதல் கலம் 2022இல் தண்ணீரில் இறங்கியது.

நடுத்தரம் எல்சியு-2000. நீளம் 53 மீட்டர், சுமை சுமார் 317 டன். ஐந்து ஆப்ராம்ஸ் டாங்கிகள் அல்லது 20 அடி கன்டெய்னர்கள் பன்னிரண்டு. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இருபத்து நான்கு. ஓட்ட 13 பேர் போதும். சுமையோடு 10 நாட்டில் 6,500 கடல் மைல் போகும். 2024இல் இந்த வகைக் கலங்கள் அட்லாண்டிக்கைத் தம் எஞ்சினிலேயே கடந்து மத்தியதரைக் கடலுக்குப் போயின.

பெரியது எல்எஸ்வி, ஜெனரல் ஃபிராங்க் எஸ். பெஸன் வகை. 83 மீட்டர் நீளம், முன்னும் பின்னும் சாய்தளம், சுமார் 1,800 டன் சுமை. இந்த எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். துறைமுகத்திலிருந்து துறைமுகத்துக்குப் போகும்போதுதான் அந்த 1,800. மணலில் முட்டி இறக்க வேண்டுமானால் சுமார் 815 டன்னோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதுவும் கடற்கரையின் சரிவு ஒத்துவந்தால்தான். காகிதத்தில் இருக்கும் சுமையில் பாதிக்குமேல் கரையைப் பார்த்ததும் கழிந்துவிடுகிறது.

இவை தவிர, தண்ணீரிலும் தரையிலும் ஓடும் லார்க்-எல்எக்ஸ் என்ற பிரமாண்டம் ஒன்று இருந்தது. நான்கு சக்கரம், சக்கரத்துக்கு ஒரு டீசல் எஞ்சின், சாதாரணச் சுமையே 60 டன்னுக்குப் பக்கம். கடலிலிருந்து ஏறி மணலைக் கடந்து சாலைவரை தானே வந்துவிடும். கேட்க நன்றாக இருக்கிறது; ஆனால் பராமரிப்புச் செலவும் தண்ணீரில் ஊரும் வேகமும் சேர்ந்து அதை ஓரங்கட்டிவிட்டன.

படி 1: கரையைப் படியுங்கள்

நிறைய நேரம் செலவிட வேண்டிய படி இது. கலத்தை அனுப்பும் முன் ஆள் அனுப்பி அளக்க வேண்டும்.

முதலில் சரிவு. ‘30க்கு 1’ என்றால் கரை விளிம்பிலிருந்து கடலுக்குள் 30 மீட்டர் போனால் ஆழம் 1 மீட்டர். தரையிறங்கு கலத்தின் அணியம் (முன்பகுதி) தண்ணீரில் குறைவாகவும் பின்பக்கம் அதிகமாகவும் மூழ்கியிருக்கும். சரிவான கரைக்கு ஏற்றாற்போல அடிப்பாகத்தை அப்படித்தான் அமைக்கிறார்கள். 53 மீட்டர் கலம் ஒன்று முன்னால் 1.2 மீட்டரும் பின்னால் 2.4 மீட்டரும் மூழ்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அடிப்பாகத்தின் சரிவு 44க்கு 1 என்று வரும். கரை இதைவிடச் செங்குத்தாக இருந்தால் அணியம் முதலில் தட்டும், பின்பக்கம் மிதக்கும். அதுதான் நமக்கு வேண்டியது.

இப்போது அதே கலத்தை 100க்கு 1 சரிவுள்ள தட்டையான கரைக்குக் கொண்டுபோங்கள். பின்பக்கம் 2.4 மீட்டர் ஆழத்திலேயே தட்டிவிடும், அதாவது தண்ணீர் விளிம்பிலிருந்து 240 மீட்டர் தள்ளி. அணியம் அதற்கு 53 மீட்டர் முன்னால், விளிம்பிலிருந்து 187 மீட்டர் தூரத்தில் நிற்கும். அங்கே ஆழம் ஏறத்தாழ 1.9 மீட்டர். சாய்தளத்தை இறக்கினால் வண்டி அந்தத் தண்ணீருக்குள்தான் போகும். முன்னேற்பாடு எதுவும் செய்யாத ஹம்வீ இராணுவ வண்டி 76 சென்டிமீட்டர் தண்ணீரைத்தான் கடக்கும். ஆப்ராம்ஸ் டாங்கிக்கே 1.2 மீட்டர்தான் எல்லை. ஆக அந்தக் கரையில் அந்தக் கலத்தால் எதையும் இறக்க முடியாது. சுமையைக் குறைத்து மூழ்கும் ஆழத்தைக் குறைக்கலாம், சிறிய கலத்தைப் பிடிக்கலாம், இல்லையென்றால் மிதவைப் பாலம் போட வேண்டும்.

அடுத்தது மணல்திட்டு. கரைக்கு இணையாக, கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். கலம் அதில் தட்டியதும் ‘கரை வந்துவிட்டது’ என்று தோன்றும். திட்டுக்கும் கரைக்கும் நடுவே ஆள் மூழ்கும் பள்ளம் இருக்கலாம். முதல் வண்டியை இறக்கும் முன் ஓர் ஆள் கோலோடு இறங்கி ஆழம் பார்ப்பது இதற்காகத்தான். எத்தனை கருவி வந்த பிறகும் அந்தக் கோல் ஓய்வு பெறவில்லை.

பிறகு மண். ஈரமாக இறுகிய மணல் லாரியைத் தாங்கும். அலை எட்டாத உலர்ந்த பொடிமணல் அதே லாரியை அச்சுவரை விழுங்கும். சேறு என்றால் பேச்சே இல்லை. கடலடியில் பாறையோ பவளப் பாரோ இருந்தால் அடித்தகடு கிழியும்.

கடைசியாக வெளியேறும் வழி. நல்ல சரிவு, கெட்டி மணல், அமைதியான அலை எல்லாம் அமைந்து, பின்னால் சதுப்பு நிலமோ செங்குத்து மேடோ இருந்தால் அந்தக் கரையால் பயனில்லை. நார்மண்டியின் ஒமாஹா கடற்கரையில் மேட்டைக் கடக்கும் சில பள்ளத்தாக்கு வழிகளைத் திறக்கும்வரை வந்திறங்கிய வண்டிகள் கரையிலேயே முடங்கிக் கிடந்தன. வரைபடத்தில் கடற்கரையைப் பார்க்கும் முன் சாலையைப் பாருங்கள்.

நம் சோழமண்டலக் கரைக்காரர்களுக்கு இந்தத் தலைவலி பழையது. செயற்கைத் துறைமுகம் வருவதற்கு முன், மதராஸில் கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்க, ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலா படகுகள்தான் உடையும் அலையைத் தாண்டிச் சரக்கையும் ஆளையும் கொண்டுவந்தன. பலகை வளைந்துகொடுத்ததால் மணலில் மோதினாலும் படகு பிளக்கவில்லை. கும்பினிச் சிப்பாய்களும் பீரங்கியும் இறங்கியது இதே வழியில்தான்.

படி 2: ஓதத்தைக் கணக்கில் எடுங்கள்

ஓதம் என்பது கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம். சென்னையில் அந்த வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மீட்டர். அதையே பார்த்துப் பழகியவர்களுக்கு நார்மண்டியின் ஆறு மீட்டரை நம்புவது கடினம். அங்கே ஓதம் தவறினால் வேலையே நின்றுவிடும்.

ஓதம் ஒரே சீராக ஏறி இறங்குவதில்லை. மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால், ஆறு மணி நேரத்தில் அது 1, 2, 3, 3, 2, 1 என்ற கணக்கில் நகரும். நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்திலேயே பாதி தண்ணீர் போய்விடும். ஆறு மீட்டர் ஓதம், 50க்கு 1 சரிவு என்று வைத்தால், மூன்றாவது மணி நேரத்தில் மட்டும் நீர்மட்டம் 1.5 மீட்டர் இறங்கி, விளிம்பு 75 மீட்டர் பின்வாங்கும். சாய்தளத்தை இறக்கிவிட்டு தேநீர் குடிக்கப் போனால், திரும்பும்போது கலம் வெறும் மணலில் நிற்கும்.

ஆகவே ஓதம் ஏறிக்கொண்டிருக்கும்போது, பாதி ஏறிய நிலையில் கரையேறுவதுதான் பாதுகாப்பு. மணலில் ஒட்டிக்கொண்டாலும் ஏறுகிற தண்ணீர் தூக்கிவிடும். உச்ச ஓதத்தில் மட்டும் கரையேறாதீர்கள். அதுவும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய உச்சத்தில் மாட்டினால் அடுத்த அமாவாசையோ பௌர்ணமியோ வரும்வரை கலத்தை எடுக்க முடியாமல் போகலாம். ஓதம் இறங்கும்போதுதான் இறக்கியாக வேண்டும் என்றால், ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கலத்தைச் சிறிது சிறிதாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இறக்க வேண்டும்.

அட்டமி, நவமியை ஒட்டி ஓதம் பலவீனமாக இருக்கும். 1943 நவம்பர் 20, பசிபிக்கின் தராவா. பெட்டியோ தீவைச் சுற்றியுள்ள பவளப் பாரின் மேல் போதுமான தண்ணீர் ஏறும் என்று கணக்குப் போட்டார்கள். அன்று ஓதமும் பலவீனம், சந்திரனும் பூமியிலிருந்து வெகு தொலைவில். தண்ணீர் ஏறவில்லை. படகுகள் பாரில் தட்டி நின்றன. கடற்படைக் காலாட்கள் நூற்றுக்கணக்கான மீட்டர் தண்ணீரில் நடந்து, இயந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிரே போனார்கள். ஏறத்தாழ ஒரு மீட்டர் தண்ணீர் குறைந்ததற்குக் கொடுத்த விலை அது.

வேண்டுமென்றே கலத்தை வற்றவிடும் முறையும் உண்டு. அடி தட்டையாக, கடலடி பாறையில்லாமல் இருந்தால், ஓதம் இறங்கும்போது கலத்தை அப்படியே மணலில் உட்காரவைத்து, உலர்ந்த தரையில் நிதானமாக இறக்கிவிட்டு, அடுத்த ஓதத்தில் கிளம்பலாம். 1944 ஜூன் 19 முதல் 22 வரை வீசிய புயல் ஒமாஹாவில் இருந்த செயற்கைத் துறைமுகத்தை உடைத்துப் போட்டது. டாங்கிகளை ஏற்றிவரும் எல்எஸ்டி கப்பல்களை இப்படி மணலில் வற்றவிட்டு இறக்கும் முறையே அதற்குப் பிறகு அங்கே சுமையைத் தூக்கியது. கட்டமைப்பு இல்லாமலே அந்தக் கரை எதிர்பார்த்ததைவிட அதிகம் வாங்கிக்கொண்டது. பெருஞ்செலவில் இழுத்துவந்த துறைமுகத்தைப் பற்றி இன்றும் புத்தகங்கள் வருகின்றன. வெறும் மணலுக்கு அந்தப் பெயர் கிடைக்கவில்லை.

படி 3: கலத்தில் ஏற்றுவது

பெரிய சரக்குக் கப்பல் ஒன்றிரண்டு கடல் மைல் தள்ளி நங்கூரமிட்டு நிற்கிறது. கலம் அதன் பக்கவாட்டில் வந்து கட்டிக்கொள்கிறது. கப்பலுக்குச் சொந்தக் கிரேன் இருக்க வேண்டும்; இன்றைய பெரிய கன்டெய்னர் கப்பல்கள் பலவற்றில் அது கிடையாது, துறைமுகக் கிரேனை நம்பியே ஓடுகின்றன. கப்பலை வாடகைக்கு எடுக்கும்போதே கவனிக்க வேண்டிய விஷயம் இது.

கிரேன் சுமையைத் தூக்கும்போது கப்பலும் கலமும் ஒரே தாளத்தில் ஆடுவதில்லை. இருபது டன் பெட்டி ஒன்று தளத்துக்கு ஒரு மீட்டர் மேலே தொங்கும்; அடுத்த அலையில் தளமே மேலே வந்து அதை முட்டும். அதனால் கொக்கியின் இரு பக்கமும் கயிறு கட்டி ஆட்கள் பிடித்துக்கொள்வார்கள். கலம் அலையின் உச்சிக்கு வரும் கணத்தில் பெட்டியைச் சட்டென்று உட்காரவைப்பார்கள். தொங்கும் சுமைக்குக் கீழே யாரும் நிற்கக் கூடாது. இதை எழுதவே வேண்டாம், ஆனாலும் எழுத வேண்டியிருக்கிறது.

ஏற்றும் வரிசைக்கு ஒரே விதி: கடைசியில் இறங்க வேண்டியது முதலில் ஏற வேண்டும். எல்சிஎம்மிலும் எல்சியு-2000இலும் அணியத்தில் மட்டுமே சாய்தளம் இருப்பதால் லாரிகள் பின்பக்கமாக ஏற வேண்டும். அப்போதுதான் கரையில் நேராக ஓட்டி இறங்க முடியும். மணலில் ரிவர்ஸ் எடுத்து இறங்குகிற லாரி, பின்னால் வரிசையில் நிற்கும் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். எல்எஸ்வியில் பின்னால் ஏறி முன்னால் இறங்கலாம். அதன் பெரிய வசதியே அதுதான்.

எடையைச் சற்றுப் பின்பக்கமாக வையுங்கள், அணியம் எழும்பும். அளவு மீறிப் பின்னால் வைத்தால் படி 1இல் பார்த்தபடி பின்பக்கம் முதலில் தட்டும். வண்டிகளைச் சங்கிலியால் நான்கு பக்கமும் கட்டி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, எஞ்சினை அணைத்துவிடுங்கள். கரைக்குச் சில நிமிடம் முன்புதான் எஞ்சினைத் திருப்பிப் போட வேண்டும். சீக்கிரம் போட்டால் புகை தளத்தில் தேங்கும். தாமதித்தால், எஞ்சின் பிடிக்காத முதல் லாரியால் எல்லோரும் நிற்பார்கள்.

எடை வரம்பை எட்டும் முன்பே இடம் தீர்ந்துபோகும் என்பதையும் நினைவில் வையுங்கள். சராசரி 12 டன் பெட்டிகள் பன்னிரண்டை எல்சியுவில் வைத்தால் 144 டன்தான். 317 டன் என்ற எண்ணை வைத்துத் திட்டம் போடுகிறவர் முதல் நாளே ஏமாறுவார்.

படி 4: கரையேறுதல்

கரையில் இரண்டு குறிக்கம்பங்கள் நட்டிருப்பார்கள், ஒன்று முன்னால், ஒன்று பின்னால். இரண்டும் ஒரே கோட்டில் தெரியும்படி வந்தால் கலம் சரியான பாதையில் இருக்கிறது. அலைக்குச் செங்குத்தாக, ஓர் அலையின் முதுகுக்குப் பின்னால், அதன் வேகத்திலேயே வர வேண்டும். அலையை முந்தினால் அணியம் கீழே குத்தும், பின்னால் வரும் அலை கலத்தின் பின்பக்கத்தைத் தூக்கிக் குறுக்கே திருப்பிவிடும். குறுக்கே திரும்பிய கலத்தை ஒவ்வொரு அலையும் இன்னும் கொஞ்சம் கரைமேல் தள்ளும். இந்தத் தொழிலின் பெரிய பயமே அதுதான்.

எல்சியு தன் நீளத்தைப் போலச் சில மடங்கு தூரம் இருக்கும்போதே பின் நங்கூரத்தைப் போட்டு, வடத்தை விட்டுக்கொண்டே முன்னேறும். வடம் தொய்ந்தால் பங்காவில் (கலத்தை உந்தும் விசிறியில்) சுற்றும்; இறுகினால் கலத்தைப் பிடித்து நிறுத்தும். வடத்தைச் சுற்றும் வின்ச் பக்கத்தில் நிற்பவரின் கை அந்த இரண்டுக்கும் நடுவில் வடத்தை வைத்திருக்க வேண்டும். மைக் போட் சிறியது. அது பெரும்பாலும் எஞ்சினை மெதுவாக முன்னோக்கி ஓட்டியே மணலில் ஒட்டி நிற்கும்.

தட்டும் நேரத்தில் வேகம் கூடுதலாக இருந்தால் திரும்ப எடுக்க முடியாது, குறைவாக இருந்தால் கலம் மணலில் பிடிக்காது. தட்டிய பிறகும் எஞ்சினை வீணாக முறுக்காதீர்கள். பங்கா கிளப்பும் மணல் குளிர்நீர் உறிஞ்சும் குழாய்க்குள் போய் வடிகட்டியை அடைக்கும், எஞ்சின் சூடேறும். நல்ல எஞ்சின்காரர் ஒவ்வொரு கரையேற்றத்துக்குப் பிறகும் அந்த வடிகட்டியைத் திறந்து பார்ப்பார். உள்ளே கைநிறைய மணலும் கிளிஞ்சலும் கிடக்கும்.

கலம் நிலைத்ததும் சாய்தளம் இறங்கும், கோல் ஆள் ஆழம் பார்ப்பார், பிறகுதான் வண்டி. முதலில் இறங்க வேண்டியது புல்டோசர். ஏன் என்பது அடுத்த படியில்.

படி 5: மணலைக் காலி செய்யுங்கள்

இறங்கிய புல்டோசர் மணலைக் கடலுக்குள் தள்ளிச் சாய்தளத்தின் நுனிவரை ஒரு மேடு கட்டும். லாரிகள் நனையாமல் இறங்க இது போதும். அலை அதை அரித்துக்கொண்டே இருக்கும், புல்டோசரும் தள்ளிக்கொண்டே இருக்கும். அதற்குப் பின்னால் உலர்மணலில் இரும்பு அல்லது ஃபைபர் விரிப்புகளைப் போட்டுச் சாலைவரை இணைக்க வேண்டும்.

கன்டெய்னரைத் தூக்கும் கரடுமுரடுத் தரை ஹேண்ட்லர் 24 டன் தூக்கும். அதன் சொந்த எடையே 50 டன்னுக்கு மேல். தூக்கப்படும் பெட்டியைவிடத் தூக்கும் வண்டிதான் மணலுக்குப் பெரிய பாரம். விரிப்பில்லாமல் அதை இறக்கினால் அன்றைய வேலை முழுவதும் அதை மீட்பதிலேயே போய்விடும்.

கரையில் ஒரே ஒருவர் சொல்வதுதான் சட்டமாக இருக்க வேண்டும். எந்தக் கலம் எப்போது வர வேண்டும், எந்த லாரி எங்கே போக வேண்டும் என்பதை அவர் மட்டுமே சொல்வார், பதவியில் பெரியவர் பக்கத்தில் நின்றாலும். இறங்கிய சரக்கு அலைக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு நிமிடம்கூடத் தங்கக் கூடாது. வெடிமருந்து, எரிபொருள், உணவு மூன்றுக்கும் ஒன்றிலிருந்து ஒன்று தள்ளி மூன்று இடம்.

படி 6: திரும்பப் போவது

இது சிறிய வேலை. சாய்தளத்தைத் தண்ணீருக்கு மேல் தூக்குங்கள், எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டுங்கள், வின்ச்சால் நங்கூர வடத்தை இழுங்கள், ஓர் அலை தூக்கும் கணத்துக்குக் காத்திருங்கள். காலியான கலம் இலேசாகிவிட்டதால் எளிதில் விடுபடும். உடையும் அலைகளைத் தாண்டும்வரை திரும்பாதீர்கள்.

படி 7: கணக்குப் போடுங்கள்

இனி ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு கப்பல், ஒரு கிரேன், கரையில் ஒரு இறங்குதுறை, எல்சியு கலங்கள். 24 மணி நேரத்தில் 20 மணி நேரம் வேலை, அதாவது 1,200 நிமிடம்.

பன்னிரண்டு பெட்டிகள் ஏற்ற, பெட்டிக்கு 8 நிமிடம் வீதம் 96. கயிறு அவிழ்த்து விலக 10. இரண்டு கடல் மைலை 8 நாட்டில் கடக்க 15. கரையேற 10. இறக்க, பெட்டிக்கு 6 வீதம் 72. பின்வாங்க 10, திரும்ப 15, மீண்டும் கப்பலில் கட்ட 10. மொத்தம் 238 நிமிடம். ஒரு கலத்துக்கு நாளொன்றுக்கு ஐந்து நடை. இரண்டு கலத்துக்குப் பத்து நடை, 120 பெட்டி.

மூன்றாவது கலம் வாங்கினால்? கட்ட, ஏற்ற, விலக என்று கிரேனடியில் ஒரு கலத்துக்கு 116 நிமிடம் போகிறது. 1,200 நிமிடத்தில் கிரேனால் பத்துக் கலத்தைத்தான் நிரப்ப முடியும். ஆக, ஒரு நடைகூட அதிகமாகாது. ஒரே கவுன்டர் உள்ள ரேஷன் கடையில் வரிசையை நீட்டினால் அரிசி வேகமாக வந்துவிடுமா என்ன?

இப்போது கலங்களைத் தொடாமல் கரையை மட்டும் கெடுத்துப் பாருங்கள். விரிப்பு சரியில்லை, ஹேண்ட்லர் தடுமாறுகிறது, பெட்டிக்கு 6 நிமிடம் 12 ஆகிறது. இறக்க 144 நிமிடம். ஒரு கலம் இறங்குதுறையை அடைத்துக்கொள்ளும் நேரம் 164 நிமிடம். நாளொன்றுக்கு ஏழு நடைக்குமேல் அந்தக் கரை தாங்காது. 120 பெட்டி 84 ஆகிவிடும். புதுக் கலம் கொடுத்தது ஒன்றுமில்லை, மோசமான மணல் பறித்தது 36.

தூரம்கூட அவ்வளவு வலிக்காது. கப்பல் நான்கு கடல் மைல் தள்ளி நின்றால் சுற்று 268 நிமிடம், கலத்துக்கு நான்கு நடை, 96 பெட்டி. மணலில் ஆறு நிமிடம் இழப்பதைவிட இது மேல்.

என் கருத்தைக் கேட்டால், பணம் மிச்சம் இருக்கும்போது முதலில் விரிப்பு, இரண்டாவது ஹேண்ட்லர், இரண்டாவது இறங்குதுறை, பிறகுதான் கலம். பட்ஜெட் போடுகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். விரிப்பு வாங்கினால் திறப்புவிழா நடத்த முடியாதே!

படி 8: கடல் கெட்டால்

கரை தட்டையாக இருக்கும் இடத்தில் மிதவைப் பெட்டிகளைக் கோத்துக் கரையிலிருந்து கடலுக்குள் ஒரு பாலம் நீட்டி, கலம் அதன் நுனியில் வந்து இறக்கலாம். இதன் பலவீனம் அலை. அமைதியான கடலுக்கென்று கட்டியது. அலை ஒரு மீட்டரை நெருங்கினாலே இணைப்புகள் திணறும்.

2024இல் காசா கரையில் நடந்தது எல்லோர் கண்முன்னும் இருக்கிறது. சைப்ரஸில் சோதித்து ஏற்றிய நிவாரணப் பொருளை, கரையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி மிதக்கும் மேடையில் இறக்கி, லாரிகளில் ஏற்றி, எல்எஸ்வி, எல்சியு கலங்களில் கரையோடு இணைத்த ஏறத்தாழ 550 மீட்டர் மிதவைப் பாலத்துக்குக் கொண்டுபோனார்கள். மே 17 அன்று முதல் லாரி இறங்கியது. மே 25 அன்று கொந்தளித்த கடல் நான்கு இராணுவக் கலங்களைக் கட்டிலிருந்து பிடுங்கியது. இரண்டு அஷ்கெலோன் பக்கம் கரை ஒதுங்கின. பாலமும் உடைந்தது. அஷ்டோடில் சரிசெய்து ஜூன் 7இல் திரும்பப் பொருத்தினார்கள். பிறகும் அலைக்குப் பயந்து இருமுறை கழற்றினார்கள். ஜூலை 17இல் திட்டம் முடிந்ததாக அறிவித்தார்கள். கரைக்கு வந்தது ஏறத்தாழ 8,800 டன். பாலம் உண்மையில் வேலை செய்தது சுமார் இருபது நாள்.

அலையைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். படி 5இல் நடந்ததைக் கவனித்தவர்கள் குறைவு. பாலம் நன்றாக இருந்த நாட்களிலும், ஜூன் 9இல் உலக உணவுத் திட்டம் பாதுகாப்புக் காரணத்துக்காக லாரிகளை நிறுத்தியதும், இறக்கிய மூட்டைகள் கரைக்களத்திலேயே குவிந்தன. கலங்கள் கொண்டுவந்தன, பாலம் தாங்கியது, மணலிலிருந்து வெளியே போக வழியில்லை.

வானிலை முன்னறிவிப்பில் 48 மணி நேரத்துக்குள் அலை கூடும் என்று கண்டால் பாலத்தைக் கழற்றுங்கள், கலங்களைப் பாதுகாப்பான துறைக்கு அனுப்புங்கள், அந்த நாட்களுக்கான சரக்கை முன்கூட்டியே கரையில் சேமித்து வையுங்கள். மாதத்தில் எத்தனை நாள் கடல் ஒத்துழைக்கும் என்பதைப் பழைய பதிவுகளிலிருந்து எடுத்து, படி 7இன் எண்ணை அந்த விகிதத்தில் வெட்டுங்கள். 30 நாளில் 18 நாள்தான் கடல் நன்றாக இருக்கும் என்றால், 120 பெட்டியின் உண்மை மதிப்பு 72.

எவ்வளவு காலத்துக்கு?

முடிந்தவரை குறைந்த காலத்துக்கு. 2010 ஜனவரி 12 நிலநடுக்கத்தில் ஹைட்டியின் போர்ட்-ஓ-பிரின்ஸ் துறைமுகத்தின் வடக்குத் துறை முற்றிலும் அழிந்தது, தெற்குத் துறை ஊனப்பட்டது. எல்சியு, எல்எஸ்வி கலங்கள் கரையில் இறக்கிக்கொண்டிருந்த அதே வாரங்களில், தரைப்படை, கடற்படை மூழ்காளர்கள் தண்ணீருக்கடியில் தெற்குத் துறையின் தூண்களைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். நல்ல திட்டத்தில் இரண்டும் ஒரே நாளில் தொடங்கும். பயணப் பட்டியல் போடும்போது முதல் கலத்தில் புல்டோசருக்கும் விரிப்புக்கும் இடம் ஒதுக்குங்கள். இரண்டாவது கலத்தில் மூழ்காளர் குழுவுக்கும் அவர்களின் கருவிகளுக்கும்.